வைஃபை சொட்டும் ஏழாம் அறை

எங்கள் விடுதியில் வைஃபை சொட்டுச் சொட்டாகத்தான் வடிந்தது, நாங்கள் குடம் வைத்துத்தான் பிடித்தோம், நம்பாதவர்கள் விளாத்திகுளம் போகிற பஸ்ஸில் ஏறி ஜின்னிங் மில் நிறுத்தத்தில் இறங்கி, செல்லத்தாய் மகளிர் விடுதிக்கு எப்படிப் போகவேண்டும் என்று டீக்கடையில் கேட்டுப் பாருங்கள், கடைக்கார அண்ணாச்சி டீயை ஆற்றிக்கொண்டே, "வைஃபை பிடிக்கவா? குடம் கொண்டாந்தியளா?" என்று கேட்பார். அதற்கு மேல் சாட்சி வேண்டுமென்றால் என்னிடம் இல்லை. எனக்குச் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது, பொறுமையும் கிடையாது.

என் பெயர் இசக்கியம்மாள். பிளஸ் டூ முடித்துவிட்டேன். அப்பா உப்பளத்தில் வேலை. எங்கள் வீடு உப்பளத்துக்கும் அந்தப் பக்கம், அங்கே டவர் கிடையாது, மரம் கிடையாது, உப்பும் வெயிலும்தான். பரீட்சை முடிந்த கையோடு பள்ளிக்கூட ஹாஸ்டலைப் பூட்டிவிட்டார்கள். கால்நடை மருத்துவத்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன், கலந்தாய்வு முழுக்க ஆன்லைனில்தான், வீட்டில் இருந்தால் சீட்டு கிடைத்ததும் தெரியாது போனதும் தெரியாது என்பதால், பாலிடெக்னிக் பிள்ளைகளும் நர்சிங் பிள்ளைகளும் தங்கிப் படிக்கிற இந்த விடுதியில் ஏழாம் அறையில் ஒரு கட்டிலைப் பிடித்துக்கொண்டேன். மாட்டு டாக்டர் ஆவேன் என்று ரொம்பச் சின்னதிலேயே சொல்லிவிட்டேன். மாடு வலித்தால் கத்தும், வலிக்காவிட்டால் மேயும். மனிதர்களிடம் அந்த ஒழுங்கு இல்லை.

வந்து பார்த்தால் விடுதி இரண்டு மில்களின் தகரக் கூரைகளுக்கு நடுவில் பள்ளத்தில் கிடக்கிறது, உள்ளே கால் வைத்ததும் போனில் இருக்கிற கோடெல்லாம் படுத்துவிடுகிறது, பேசவேண்டுமென்றால் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறித்தான் பேசவேண்டும், ஏறினால் வார்டன் லூர்து டீச்சர் கீழேயிருந்து விசில் ஊதுவார். பழைய பி.டி. டீச்சர் அவர். எல்லாவற்றுக்கும் விசில்தான், சாப்பிட ஒன்று, படுக்க ஒன்று, மாடியிலிருந்து இறங்க நீளமாக ஒன்று. பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து கெஞ்சி, கோபித்து, ஒருநாள் மெஸ்ஸில் தட்டை எடுக்காமல் உட்கார்ந்து, கடைசியில் வைஃபை போட்டுக்கொள்ளச் சம்மதம் வாங்கினோம்.

பெட்டியைக் கொண்டுவந்தவர் தொப்பி போட்ட ஒரு அண்ணன். மற்ற அறைகளில் பிளக் பாயிண்ட் எல்லாம் கருகிக் கிடந்ததால் எங்கள் ஏழாம் அறைக்கு வந்தார். எங்கள் அறையிலும் பிளக் பாயிண்டுக்குப் பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு ஆணி, அந்த ஆணிக்கு நேர் கீழே குடம் வைக்கிற கல்.

"தண்ணி வைக்கிற இடத்துக்கு மேல கரண்டு சாமானை மாட்டக்கூடாதும்மா" என்றார்.

"தண்ணி எங்கண்ணே இருக்கு, மாட்டுங்க" என்றேன். உண்மைதான், அந்த வாரம் முழுக்கக் குழாயில் காற்றுதான் வந்தது.

மாட்டினார். புதுச் சாமான் வீட்டுக்குள் வந்தால் சும்மா விடுவோமா, பக்கத்து அறை மாரிக்கனி சந்தனம் குங்குமம் கொண்டுவந்து அந்த வெள்ளைப் பெட்டியின் நெற்றியில் வைத்தாள், கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்த இரண்டு ஆன்டெனாவிலும் வைத்தாள், நிறைகுடம் வேண்டும் என்றாள், நிறைக்கத் தண்ணீர் இல்லை, தண்ணீர் வந்ததும் ஊற்றிக்கொள்ளலாம் என்று வெறுங்குடத்தையே பெட்டிக்கு நேர் கீழே கல்லின் மேல் வைத்துவிட்டாள். நர்சிங் படிக்கிற ஜெபா, "ஏட்டி, வெறுங்குடத்தையா வைப்பாவ? நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போறவ, எனக்கே தெரியுது" என்றாள். யாரும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. எனக்குச் சீக்கிரம் ஆனால் போதும் என்றிருந்தது.

சுவிட்சைப் போட்டதும் பெட்டியில் பச்சை விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. நாங்கள் எல்லாரும் போனைத் தூக்கிப் பிடித்தோம். ஒன்றும் வரவில்லை. அந்த அண்ணன் தன் போனை ஆட்டிப் பார்த்தார், வயரைப் பிடுங்கிச் சொருகினார், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அப்போதுதான் குடத்துக்குள் டொக் என்று ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டொக். அவர் குனிந்து குடத்துக்குள் எட்டிப் பார்த்தார், கையை விட்டார், கை நனையவில்லை, நிறம் இல்லை, வாடை இல்லை, மத்தியானத் தார்ரோட்டின் மேல் காற்று நெளியுமே அதுபோலக் குடத்தின் அடியில் ஏதோ நெளிந்தது. போனைக் குடத்தின் வாய்க்கு நேரே பிடித்தார். கோடு முழுக்க ஏறி நின்றது.

"சிக்னல் நல்லாத்தான் இருக்கு" என்றார். "வடியுது, அவ்வளவுதான். இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

லூர்து டீச்சர் போட்டார்.

அன்று சாயங்காலத்துக்குள் விடுதியில் இருந்த குடமெல்லாம் எங்கள் அறைக்கு வந்துவிட்டது. பச்சைக் குடம், ஆரஞ்சுக் குடம், நீலக் குடம், கழுத்தில் ரிப்பன் கட்டிய குடம், வாய் உடைந்த குடம் என்று அறை வாசலிலிருந்து வராந்தா வழியாக மாடிப்படி வரைக்கும் வரிசை நீண்டது. குடம் இல்லாதவள் செருப்பை வைத்தாள், செருப்பு வைக்க மனசு வராதவள் சீப்பை வைத்தாள், ஒருத்தி அனாட்டமி புத்தகத்தை வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள், திரும்பி வருவதற்குள் அதைப் பின்னால் தள்ளிவிட்டார்கள் என்று ஈரத்தலையோடு சண்டை போட்டாள். குழாயடியில் எங்கள் அம்மாமார் என்னென்ன சொல்லித் திட்டுவார்களோ அத்தனையும் அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ரெண்டாம் நாள் லூர்து டீச்சர் வந்து விசில் ஊதி, ஒருத்திக்கு ஒரு குடம்தான், பக்கெட்டு கூடாது, இடத்துக்குச் செருப்பு வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டார். போட்டுவிட்டுத் தன் மண்பானையையும் வரிசையில் வைத்துவிட்டுப் போனார்.

கொஞ்ச நாளில் எல்லாருக்கும் அதன் குணம் பிடிபட்டுவிட்டது. எவர்சில்வர் குடத்தில் பிடித்தால் வேகம், ஆனால் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். பிளாஸ்டிக் குடத்தில் மறுநாள் வரைக்கும் நிற்கும். மண்பானையில் பிடித்தால் படம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் மெதுவாக ஓடும். பழசானால் புளித்துவிடும், முந்தாநாள் பிடித்த குடத்தில் போனைக் காட்டினால் முந்தாநாள் செய்திதான் வரும், அதைக் கீழே கொட்டவும் மனசு வராமல் மெஸ் அக்கா கீரைப் பாத்திக்கு ஊற்றினாள், கீரை நன்றாகத்தான் வந்தது. மெஸ் பூனை ஒருநாள் ஒரு குடத்தை நக்கிவிட்டு, அதற்கப்புறம் யார் மீன் வாங்கி வரப்போகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்து கேட்டில் போய் உட்கார்ந்தது. டீக்கடை அண்ணாச்சி ஒரு சொம்பைக் கொடுத்தனுப்பினார். தாகம் என்று வந்து கேட்பவர்களுக்கு இல்லை என்று சொல்லும் பழக்கம் எங்கள் பக்கம் இல்லாததால் சொம்பு நிறையக் கொடுத்தோம். அதை அவர் பாய்லர் பக்கத்தில் வைத்துக்கொண்டார், கடையில் கூட்டம் கூடியது. எதனால் வடிகிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. குழாயில் தண்ணீர் ஏன் வரவில்லை என்று யார் கேட்டார்கள், இதைக் கேட்பதற்கு.

எங்கள் அறையில் என் கட்டிலுக்கு அடுத்த கட்டில் சண்முகவடிவு, வடிவு என்போம். பாலிடெக்னிக். அதிகம் பேசமாட்டாள், கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் பாதிக்குத்தான். அவள் மட்டும் தன் குடத்தை எடுத்துக்கொண்டு போய் அலமாரிக்குப் பின்னால் வைத்து, மெஸ்ஸுக்கு எடுத்துப்போகிற எவர்சில்வர் தட்டால் மூடி, சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் போனை எடுப்பாள். தட்டு குடத்துக்கு மூடியாகிவிட்டதால் சோற்றை டிபன் பாக்ஸ் மூடியில் வாங்கிச் சாப்பிட்டாள். ரசம் வழிந்து முழங்கை வரை ஓடும்.

"ஏளா, குடத்துக்குத் தட்டு, உனக்கு மூடியா?" என்று கேட்டேன்.

"தூசி விழும்" என்றாள்.

தூசிக்காக இல்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்ததை நான் சொல்லிவிடுவேன். "தூசிக்கா மூடுத, புளுகாத" என்றேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூடுவதற்குக் காரணம் இருந்தது. குடத்தை யார் பிடிக்கிறாளோ, அவளுடைய மணம் அதில் ஏறிவிடும். இது எங்களுக்கு எப்படித் தெரியவந்தது என்றால், ஜெபாவுக்கு ஒருநாள் குடம் வற்றிப்போய், மாரிக்கனி இரக்கப்பட்டு ஒரு சொம்பு ஊற்றினாள். மெஸ்ஸில் எல்லாருக்கும் நடுவில் ஜெபா போனைத் திறந்தால், முதலில் மாரிக்கனியின் சமாச்சாரம்தான் வந்தது, ஜின்னிங் மில்லில் எடை போடுகிற பையன் அவளுக்கு எழுதிய கவிதை, 'பஞ்சைப்போல் உன் நெஞ்சு' என்று ஆரம்பித்து நீளமாக ஓடியது. ஜெபாவுக்குப் பக்கத்தில் இருந்தது நான். எழுத்துத் தெரிந்தவள் படிக்கத்தான் செய்வாள், எனக்கு வாய்க்குள் படிக்க வராது. நாலாவது வரிக்கு வரும்போது மெஸ்ஸே கேட்டுக்கொண்டிருந்தது.

அன்றைக்கு மாரிக்கனி போட்ட சத்தத்தில் பூனை சுவரேறிக் குதித்தது. லூர்து டீச்சர் கரும்பலகையில் எழுதிப் போட்டார், குடத்துக்குக் குடம் ஊற்றக் கூடாது, கடன் கொடுக்கக் கூடாது. அதோடு எல்லாரும் குடத்தை மூட ஆரம்பித்தார்கள், முக்கியமாக நான் வராந்தாவில் நடக்கும்போது. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. கவிதை நன்றாக இல்லை, அதையும் அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு சாயங்காலம் என் குடத்தில் போனைக் காட்டினேன், கால்நடை மருத்துவத்தில் எனக்கு இடம் ஒதுக்கியாகிவிட்டது என்று வந்தது. வடக்கே ஒரு கல்லூரி, பஸ்ஸில் போனால் ஒரு பகல் முழுக்க ஆகும். மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்குள் 'ஏற்கிறேன்' என்று அழுத்தவேண்டும், அழுத்தாவிட்டால் எனக்கு அடுத்தவளுக்குப் போய்விடும். அப்பாவைக் கூப்பிட்டேன். உப்புக் குவியல் மேல் ஏறி நின்றால்தான் அவர் போனில் கோடு வரும், மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார்.

"அவ்வளவு தொலவா?"

"ஆமா. அமுக்கிடட்டுமா?"

"பொறு தாயி. அம்மாட்ட பேசிட்டு நாளைக்கு நேர்ல வந்து சொல்லுதேன்."

எனக்குப் பொறுமை கிடையாது என்று முதலிலேயே சொன்னேன். ஆனால் அப்பா என் விஷயமாக எதையும் நேரில் வந்து சொல்கிறேன் என்று அதுவரை சொன்னதே இல்லை. அதனால் விரலை மடக்கி வைத்துக்கொண்டேன்.

மறுநாள் மாதாந்திரப் பராமரிப்பு, காலையிலிருந்து சாயங்காலம் ஐந்து மணி வரை ஊரெல்லாம் கரண்ட் இருக்காது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். கரண்ட் இல்லாவிட்டால் பெட்டி சொட்டாது. அதனால் முந்தின நாளே எல்லாரும் குடத்தை நிறைத்து வைத்திருந்தோம், லூர்து டீச்சர் தனக்கு மறைக்க ஒன்றும் இல்லை என்று தன் பானையை அண்ணாச்சிக்குக் கொடுத்துவிட்டுத் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார். நான் என் ஊதா நிறக் குடத்தைக் கழுத்து வரை நிறைத்து, கட்டிலுக்கடியில் வைத்து, காலையிலிருந்து கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா வரவில்லை. மத்தியானம் போனது. ஜன்னல் கம்பியில் கன்னம் பதிந்துவிட்டது. பஸ் வழியில் பழுதாகி நின்றதாம், அவர் வந்து வேப்பமரத்தடியில் நின்றபோது மணி நாலரை. விடுதிக்குள் ஆண்கள் வரக் கூடாது, நான் இறங்கி ஓடினேன். உப்பில் வெந்த காலோடு, இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றார்.

"அம்மா என்ன சொன்னா?"

"அழுதா. பொறவு, போகட்டும்னா."

"நீங்க?"

"மாட்டுக்கு ஊசி போடுத படிப்புத்தானே. நம்மூர்ல ஒரு மாடு கூட இல்லையேம்மா, நீ திரும்பி வந்து எதுக்குப் போடுவ?" என்றார். அப்புறம், "போ. நான் சரின்னு சொல்லத்தான் வந்தேன்" என்றார்.

அறையில் உட்கார்ந்தே அழுத்தியிருக்கலாம். அப்பா கண் முன்னால் அழுத்தவேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. மாடிக்கு ஓடி, குடத்தை இடுப்பில் தூக்கி வைத்து, ஒரு கையில் போனோடு படியில் இறங்கினேன், இறங்கினேன் என்று சொல்வது தப்பு, குதித்தேன். கடைசிப் படிக்கு முந்தின படியில் கால் மடங்கியது.

குடம் உடையவில்லை. உருண்டது. உள்ளே இருந்தது முழுக்க முற்றத்தில் கொட்டி, சத்தமில்லாமல் நெளிந்துகொண்டே கேட்டைப் பார்த்து ஓடி, கேட்டுக்கடியில் புகுந்து அப்பாவின் காலைச் சுற்றிக்கொண்டது. அவருடைய பட்டன் போன் சட்டைப் பையில் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தார். வாங்கின நாளிலிருந்து நம்பரைத் தவிர வேறெதையும் காட்டியிராத அந்தப் போனில், நகத்தளவு திரையில், என் பெயரும் கல்லூரிப் பெயரும் தெரிந்தன.

"எம்மா, இதுல உன் பேரு வருதே. இதுல அமுக்கினா ஆகாதா?" என்று பெருவிரலால் ஒரு அமுக்கு அமுக்கினார். டார்ச் எரிந்தது.

அதற்குள் கரிசல் மண் வெடிப்புக்குள் எல்லாம் இறங்கிவிட்டது. மழை இல்லாத நிலம், எதை ஊற்றினாலும் குடிக்கும்.

நான் அழவில்லை. நேரம் இல்லை. கரண்ட் போனால் ஊர் டவரும் படுத்துவிடும், தொட்டி மேல் ஏறியும் பிரயோஜனமில்லை, கம்ப்யூட்டர் சென்டரெல்லாம் பூட்டிக் கிடந்தது, பக்கத்து ஊருக்குப் பஸ் பிடித்தால் ஐந்துக்குள் போய்ச் சேர முடியாது. அண்ணாச்சி கடைக்கு ஓடினேன், சொம்பையும் பானையையும் மத்தியானமே கூட்டம் காலி செய்துவிட்டது, பானையைக் கவிழ்த்துக் காட்டினார். திரும்ப ஓடி வந்து அறை அறையாகக் கதவைத் தட்டினேன். எல்லார் அறையிலும் குடம் இருந்தது. என்னைக் கண்டதும் எல்லாரும் குடத்துக்கு முன்னால் வந்து நின்றார்கள். யார் ஊற்றினாலும் அவள் சமாச்சாரம் முதலில் என் போனில் வரும், வந்தால் நான் பார்ப்பேன், பார்த்தால் என்ன நடக்கும் என்று மெஸ்ஸில் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள்.

ஜெபா கண்ணில் தண்ணீர் நின்றது. "உனக்காக ஜெபம் பண்ணுதேன் இசக்கி. குடம் மட்டும் கேக்காத" என்றாள்.

மாரிக்கனி கதவைப் பாதி திறந்து, "உனக்கு ஊத்துததுக்கு பதிலா மைக் செட்டுக்காரனுக்கு ஊத்தலாம். அவனாவது கோயில் கொடைக்கு மட்டுந்தான் போடுவான்" என்றாள்.

"எனக்குச் சீட்டு போயிரும்."

"என் மானம் போச்சுல்லா." கதவைச் சாத்திவிட்டாள்.

அவள் சொன்னது சரி. நான் அவள் இடத்தில் இருந்தாலும் ஊற்றியிருக்க மாட்டேன். வெறுங்குடத்தோடு என் கட்டிலில் போய் உட்கார்ந்தேன். பெட்டி ஆணியில் விளக்கில்லாமல் தொங்கியது, சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் அப்பா வேப்பமரத்தடியில் பட்டன் போனை மேலே தூக்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காட்டிக்கொண்டு நின்றார்.

பின்னால் தட்டை எடுக்கிற சத்தம் கேட்டது.

வடிவு அலமாரிக்குப் பின்னாலிருந்து தன் குடத்தைத் தூக்கி வந்து, என் ஊதாக் குடத்தில் சாய்த்தாள். குடத்து வாயோடு வாய் இடித்துக்கொண்டது. பாதி ஊற்றி நிறுத்துவாள் என்று நினைத்தேன், அவள் நிறுத்தவில்லை.

"பார்க்காம இருக்கேன், கண்ணை மூடிக்கிடுதேன்" என்றேன்.

"கண்ணை மூடிக்கிட்டு எதை அமுக்குவ? தள்ளித் தள்ளித்தான் போகணும். எல்லாம் வரும். பாரு."

"சத்தியமா யார்ட்டயும்..."

"சத்தியம்லாம் வேண்டாம். உன் சத்தியத்த எவ நம்புவா" என்றாள். "மணி ஆகுது. அமுக்கு."

இந்தத் தடவை ஓடவில்லை. குடத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, ஒவ்வொரு படியாகக் காலை ஊன்றி, மெதுவாக, எனக்கே என்மேல் எரிச்சல் வருகிற அளவுக்கு மெதுவாகக் கேட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா கம்பிக்கு அந்தப் பக்கம் குந்தி உட்கார்ந்தார், நான் இந்தப் பக்கம். குடத்தின் வாய்க்கு நேரே போனைப் பிடித்தேன்.

வடிவுடையது வந்தது. குழாயில் புதுத் தண்ணீர் வருமுன் உள்ளே கிடந்த தண்ணீர் முழுக்க வந்து தீரவேண்டும் இல்லையா, அதுபோல ஒன்று விடாமல் வந்தது, நான் ஒவ்வொன்றாகத் தள்ளினேன், தள்ளுவதற்குக் கண்ணால் பார்க்கவேண்டியிருந்தது, பார்த்தேன். இவ்வளவு நாள் அடுத்த கட்டிலில் இதை வைத்துக்கொண்டு இவள் எப்படி ரசம் வழிய வழியச் சாப்பிட்டாள் என்று நினைத்தேன். அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. என்ன என்று கேட்காதீர்கள். தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லிக்கொண்டு வந்தவள்தான் நான், இதைச் சொல்லப்போவதில்லை.

"என்னம்மா, முகம் ஒரு மாதிரி போகுது, சீட்டு இல்லையா?" என்றார் அப்பா.

"பொறுங்கப்பா" என்றேன். அந்தச் சொல்லை என் வாழ்க்கையில் நான் யாரிடமும் சொன்னதில்லை.

கடைசியில் வடிவுடையது தீர்ந்து, என் பெயர் வந்தது, கல்லூரி வந்தது, ஓடிபி குடத்துக்குள் டொக் என்று விழுந்து போனில் ஏறியது, எண்களைப் போட்டு 'ஏற்கிறேன்' என்பதில் விரலை வைத்தேன். வட்டம் சுற்றியது. குடம் கையில் லேசாகிக்கொண்டே வந்தது. அப்பா கம்பிக்குள் விரலை விட்டுக் குடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார், அது ஓடிவிடும் என்பதுபோல. பச்சையாக ஒரு டிக் விழுந்தது. அடியில் நெளிந்துகொண்டிருந்த கடைசிச் சொட்டும் காய்ந்தது.

"ஆச்சா?"

"ஆச்சு."

அப்பா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார், இஸ்திரி போட்ட சட்டையோடு. நானும் இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். எனக்குக் காரணமே இல்லாமல் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. அண்ணாச்சி கடையிலிருந்து எட்டிப் பார்த்து, என்னவென்று கேட்காமலே இரண்டு டீ கொண்டுவந்து கம்பிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றும் வைத்துவிட்டுப் போனார். குடித்து முடிக்கும்போது மில் விளக்கெல்லாம் எரிந்தது, மேலே ஏழாம் அறையில் டொக் என்று முதல் சொட்டு விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது, எல்லார் குடமும் வராந்தாவில் இழுபட்டது. அப்பா ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மாடு இல்லாட்டி என்ன, ஒண்ணு வாங்கிக்கிடுவோம்" என்றார்.

தங்கச்சி வீட்டிலிருந்து திரும்பியிருந்த லூர்து டீச்சர் மெஸ் விசில் ஊதியதும் போய் உட்கார்ந்தேன். சாதாரணமாக மெஸ்ஸில் ஒரே இரைச்சலாக இருக்கும். அன்றைக்குச் சோறு விழுகிற சத்தம் கேட்டது. வடிவு எனக்கு ஊற்றினாள் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. எல்லார் கையும் தட்டில், எல்லார் கண்ணும் என் வாயில். வடிவு இன்னும் வரவில்லை.

மாரிக்கனி எதிரில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி, "சொல்லுட்டி. அவ குடத்துல என்ன இருந்துச்சு?" என்றாள்.

நான் சோற்றைப் பிசைந்தேன். ஒரு வாய் வைத்தேன்.

"உப்பு பத்தல" என்றேன்.

"எதுல?"

"சாம்பார்ல. எதுலன்னு கேக்க. உப்பளத்துக்காரி சொல்லுதேன், பத்தல."

"அது கெடக்கு. குடத்துல?"

"குடத்துல வைஃபை இருந்துச்சு. அமுக்கினேன். சீட்டு கெடச்சுட்டு. நீ சாப்பிடு."

மாரிக்கனி என்னையே பார்த்தாள். இன்னும் ஏதாவது வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வரவில்லை என்றதும் அவள் முகத்தில் ஏமாற்றம் வந்தது, அப்புறம் அது மெதுவாக வேறொன்றாக மாறியது. தன் குடத்தையே எனக்கு ஊற்றியிருக்கலாமோ என்று நினைத்திருப்பாள். "சீட்டு கெடச்சுட்டா, எங்க?" என்று ஜெபா கேட்டாள், அதோடு மெஸ் பழையபடி இரைய ஆரம்பித்தது.

நிமிர்ந்தால் வாசலில் வடிவு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. கையில் டிபன் பாக்ஸ் மூடி இல்லை, எவர்சில்வர் தட்டு, அப்போதுதான் கழுவியது, சொட்டிக்கொண்டிருந்தது.

"தள்ளி உக்காருளா" என்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தட்டு நிறையச் சோறு வாங்கினாள், ரசம் வாங்கினாள், ஒரு சொட்டு வழியவில்லை, ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கினாள்.

அவளிடம் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "தட்டு இங்க இருக்கே. அப்ப குடத்த எதை வச்சு மூடுன?"

"மூடல" என்றாள். உப்புக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள்.